வாசற்படியில் லாசரு: சுவைட்சரின் இரு நூல்கள்

நம் வாழ்வு செழிப்பாய் நடக்கும்போது பிறருடைய பாடு நம் கண்ணுக்கு எவ்வாறு தென்படுகிறது? நம் அருளுரைகள் பெரும்பாலும் ‘இரக்கம்’ என்னும் ஒரே சொல்லால் இதற்கு விடையளித்துவிடுகின்றன. ஆல்பர்ட் சுவைட்சர் எழுதிய இரு சிறு நூல்கள் இக்கேள்வியை ஆழமாக ஆராயத் துணைசெய்கின்றன. ஒன்று, லாம்பரீனேயில் தாம் ஆற்றிய மருத்துவப் பணியைக் குறித்து அவர் எழுதி 1921இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மற்றது, 1924இல் வெளிவந்த அவருடைய இளமை நினைவுகள்.

பிந்திய நூலையே முதலில் எடுத்துக்கொள்வோம். அல்சாஸ் பகுதியில் கிராமப் போதகரின் மகனாய் வளர்ந்த சிறுவன் சுவைட்சர், பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனை மற்போரில் கீழே வீழ்த்துகிறான். வீழ்ந்தவனோ, உன்னைப்போல வாரம் இருமுறை இறைச்சிச் சாறு எனக்கும் கிடைத்தால் நானும் பலசாலியாய் இருப்பேன் என்கிறான். அன்றுமுதல் அச்சாறு சிறுவனுக்குக் கசந்துபோயிற்று. ஊர்ப் பிள்ளைகள் அணியாத மேலங்கியைத் தானும் அணிய மறுத்துத் தகப்பனிடம் அடியும் வாங்கினான். தன் வலிமை தன் திறமை மட்டுமன்று, தன் தட்டில் விழுந்த உணவும்கூட என்பதை அவன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. தோற்றவன் சொல்லக் கேட்டான்.

1913இல், இறையியல் அறிஞர், இசை வல்லுநர் என்னும் புகழை எல்லாம் விட்டு, மருத்துவராய் இன்றைய காபோன் நாட்டுக்குச் சென்ற சுவைட்சர், தம் முதல் நூலின் தொடக்கத்திலேயே ஐசுவரியவான்–லாசரு உவமையை எடுத்தாளுகிறார். மருத்துவ அறிவு படைத்த ஐரோப்பாவே ஐசுவரியவான். ஆப்பிரிக்காவே வாசலில் கிடக்கும் லாசரு. ஐரோப்பியர் ஆற்றும் உதவி தருமமன்று, செய்த தீங்குக்கான பரிகாரமே என்றும், நோயினின்று தப்பியவன் இன்னும் வேதனைப்படுவோருக்குக் கடனாளி என்றும் அவர் வற்புறுத்துவது இன்றும் நம்மை உலுக்குகிறது.

எனினும் ஒரு குறையை நாம் சொல்லாமல் விடலாகாது. அவர் செவிகொடுத்த இடங்கள் உண்டு. 1914இல் மூண்ட போரில் மாண்டோரைக் குறித்து ஆப்பிரிக்க முதியவர் ஒருவர், ஏன் கூடிப் பேசித் தீர்க்கக்கூடாது எனக் கேட்டதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் வெள்ளையர்–கறுப்பர் உறவை ஆராயும் பகுதியில் அவர் வெள்ளையரோடு வெள்ளையராகவே பேசுகிறார். ஆப்பிரிக்கர் அங்கே உரையாடுவோர் அல்லர், பேசுபொருளே. தாம் அவர்களுக்குச் சகோதரர்தாம், ஆனால் மூத்த சகோதரர் என்பதே அவர் முடிவு. பள்ளிவழியில் தோற்ற பையனிடம் பாடம் கேட்ட செவி, இங்கே மந்தமாகிவிட்டதோ என ஐயுறுகிறோம்.

அவர் எடுத்தாண்ட உவமையே இக்குறையைத் திருத்தவல்லது. லூக்கா 16:24இல் ஐசுவரியவான் லாசருவின் பெயரைச் சொல்கிறான். எனவே, வாசலில் கிடந்தவனை அவன் அறியாதவன் அல்லன். பாதாளத்திலும் அவன் லாசருவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபிரகாமிடமே பேசி, தண்ணீர் கொண்டுவரவும், பின்பு தன் சகோதரரிடம் தூது போகவும் லாசருவை அனுப்பும்படி கேட்கிறான். வேதனையிலும் லாசரு அவனுக்கு ஏவலாளே. ஆகவே பிளவு மரணத்தில் தோன்றியதன்று, வாசற்படியிலேயே வெட்டப்பட்டிருந்தது.

சுவைட்சரைக் குறைகூறும் தகுதி நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. 1965இல் லாம்பரீனேயிலேயே அவர் உயிர் நீத்தார். ஆனால் நம் குருமனை வாசலை நாம் நோக்கவேண்டும். ஏழையரைக் குறித்துச் சேகரக் கமிட்டியிடம் பேசுகிறோம், நன்கொடையாளருக்கு எழுதுகிறோம், அறுப்பின் பண்டிகையில் அவர்களுக்காக மன்றாடுகிறோம். அவர்களோடு அமர்ந்து, நம் தட்டைக் குறித்து அவர்கள் சொல்வதைக் கேட்டோமா? ஊழியப் பயிற்சி பெறுவோர் இவ்விரு நூல்களையும் சேர்த்தே படிப்பார்களாக. கொடுக்கக் கற்பிக்கும் நூல் ஒன்று. கேட்கக் கற்பிக்கும் நூல் மற்றொன்று. கேளாமல் கொடுப்பவன் வாசற்படியை இன்னும் தாண்டாதவனே.