லோத்தைப் பிரிந்த பிறகு

எங்கள் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி காதில் விழும் பிரசங்கம் ஒன்று உண்டு. லோத்து பிரிந்துபோன பிறகுதான் கர்த்தர் ஆபிரகாமோடு பேசினார். உங்கள் ஆசீர்வாதத்தைத் தடுக்கும் லோத்து யார்? ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் இப்படிக் கேட்டபோது, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஓர் எண்ணை பிளாக் செய்தார். திரையில் ‘தங்கச்சி’ என்றிருந்தது.

அந்தப் பிரசங்கத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். “சொந்தம்னா முன்னப்பின்னதான் இருக்கும், அனுசரிச்சுப் போ” என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமே திரும்பாதபோது மறுபடியும் வந்து நிற்கும் தோழியிடம் ‘இனி முடியாது’ என்று சொல்ல வாய் வராத பெண்களை எனக்குத் தெரியும். விலகுவது பாவமல்ல என்று வேதத்திலிருந்தே கேட்பது அவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆதியாகமம் 13ஆம் அதிகாரமும் அதைத்தான் காட்டுகிறது. மந்தைகள் பெருகிவிட்டன, நிலம் இருவரையும் தாங்கவில்லை, மேய்ப்பர்கள் மோதிக்கொள்கிறார்கள். அந்தச் சண்டை தங்கள் இருவருக்குள்ளும் வந்துவிடக் கூடாதே என்று ஆபிரகாம் முந்திக்கொண்டு பேசுகிறார். விலக வேண்டிய நேரம் அதுதான்: பாசம் மிச்சமிருக்கும்போதே.

ஆனால் பிரசங்கத்தில் லோத்து வெறும் தடைக்கல் ஆகிவிடுகிறார். அவர் ஆபிரகாமின் சகோதரன் மகன், தகப்பனை இழந்த பிள்ளை. சித்தப்பனையும் பெரியப்பனையும் நம்பி வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர். பேதுருவின் இரண்டாம் நிருபம் அவரை நீதிமான் என்றே சொல்கிறது. ஒருவரை விட்டு விலக அவரைக் கெட்டவராக்கித்தான் ஆக வேண்டுமா? பவுலும் பர்னபாவும் மாற்குவின் பொருட்டுக் கடுமையாக வாதாடிப் பிரிந்தார்கள். பிற்காலத்தில் அதே மாற்குவை அழைத்துவரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. பிரிந்த பிறகு வாக்குத்தத்தம் வந்தது உண்மைதான். ஆனால் மூத்தவரான ஆபிரகாம், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை இளையவருக்கு விட்டுக்கொடுக்கிறார். நீர்வளம் மிகுந்த யோர்தான் சமவெளி லோத்துக்குப் போகிறது. பிரிவைக் கேட்டவரே நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டார். பிரசங்கத்தில் அந்த நஷ்டம் காணாமல்போய், பிரிவு ஆசீர்வாதத்துக்குக் குறுக்குவழியாகிறது.

அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்படுகிறார். தப்பி வந்த ஒருவன் செய்தி சொன்னதும், ஆபிரகாம் 318 பேரைக் கூட்டிக்கொண்டு தாண் வரை துரத்திப் போய் மீட்கிறார். பிளாக் செய்த எண்ணிலிருந்து அந்தச் செய்தி எப்படி வந்து சேரும்? அடிக்கிறவரிடமிருந்தும் மிரட்டுகிறவரிடமிருந்தும் தப்பியவர்கள் கதவை அடைத்தே தீர வேண்டும். அவர்களிடம் இந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன். தங்கச்சி வேறு சபைக்குப் போய்விட்டாள் என்பதற்காகக் கதவை அடைப்பவர்களிடம் கேட்பேன்.

பின்னால், லோத்து குடியிருந்த சோதோம் அழியப்போகிறது என்று அறிந்ததும், அங்கே 50 நீதிமான்கள் இருந்தால் அதை விட்டுவிடும்படி தொடங்கி 10 பேர் வரை இறங்கி ஆபிரகாம் மன்றாடுகிறார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, முன்பு கர்த்தருக்கு முன் நின்ற அதே இடத்துக்குப் போகிறார். அங்கிருந்து பார்த்தால் புகைதான் தெரிகிறது. லோத்து தப்பியதை யாரும் அவரிடம் சொன்னதாக எழுதப்படவில்லை. இருவரும் மறுபடி சந்தித்ததாகவும் இல்லை. அந்த விடியற்காலையைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு ஆசை.