ஓசியாவும் திருமாலையும்: பிளவுண்ட பத்தி பற்றிய ஓர் ஒப்பாய்வு

எபிரேயத் தீர்க்கதரிசன நூல்களையும் ஆழ்வார் பாசுரங்களையும் ஒருங்குவைத்து நோக்குவார் பெரும்பாலும் இரண்டு நெறிகளுள் ஒன்றனை மேற்கொள்வர். முன்னவை உருவ வழிபாட்டை மறுப்பன, பின்னவை அதனைப் போற்றுவன என்று கூறி, ஆராய்ச்சி தொடங்குமுன்னரே அதனை முடித்துவிடுவர் ஒரு சாரார். பத்தி எங்கும் ஒன்றே என்று கூறி வேற்றுமையை மறைப்பர் மற்றொரு சாரார். நூல்களின் சொல்லை நின்று நோக்காமையே இவ்விரண்டிற்கும் காரணம் என்க.

முதற்கண் 'விக்கிரகம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எபிரேய மொழியில் இப்பொருள் குறித்த சொற்கள் பல. செதுக்கப்பட்டது என்பது ஒன்று. வார்க்கப்பட்டது என்பது ஒன்று. பயனற்றது என்னும் இகழ்ச்சி தோன்ற ஏசாயா நூல் ஆளுவது ஒன்று. அருவருப்புத் தோன்ற எசேக்கியேல் ஆளுவது ஒன்று. தமிழ் மொழிபெயர்ப்போ இவற்றுள் பலவற்றை 'விக்கிரகம்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிற்று. ஸ்ரீவைணவ வழக்கில் 'திவ்யமங்கள விக்கிரகம்' என்பது இறைவனது திருமேனியையே குறிக்கும். ஆகவே, மூலத்தில் மனிதன் செய்த பொருளைச் சுட்டிய சொல், திருவரங்கத்துப் படிப்பாளர் செவியில் இறைவன் மேனியைச் சுட்டும் சொல்லாக ஒலிக்கின்றது. பூசல் பாதி மொழிபெயர்ப்பிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

இனி, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இசுரவேலில் வாழ்ந்த ஓசியாவின் குற்றச்சாட்டு யாது? உருவம் செய்தமையை அவர் கடிந்தார் என்பது உண்மையே. ஆயினும் அவர் நூலின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உள்ளது. கணவனை நீத்த மனைவியாக மக்களை உருவகித்து, அவள் பிறரை நாடியதற்குக் காரணமும் கூறுகின்றார். உணவும் நீரும் ஆட்டுமயிரும் சணலும் எண்ணெயும் தருவார் அவரே என அவள் மயங்கினாள். தானியம் தந்தவன் தன் கணவனே என்பதை அறிந்திலள். பத்தி பிளவுறுதற்கு வேர், கொடுப்பவன் யார் என்பதில் நேர்ந்த பிழை. பின்னர், அவர்களது நெஞ்சின் நிலையைக் கூறுமிடத்து அவர் ஆண்ட வினைச்சொல் 'பிளவுண்டது' என்றும் 'வழுக்குவது, பொய்யானது' என்றும் இருபொருள் படுவது. இரண்டுபட்ட நெஞ்சு பொய்ந்நெஞ்சே என்னும் கருத்து அச்சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது.

தொண்டரடிப்பொடியாழ்வார் அருளிய திருமாலை நாற்பத்தைந்து பாசுரங்களால் ஆயது. அதன் பத்தாம் பாசுரம் ஈண்டு ஒப்பிடத்தக்கது. கருடவாகனன் நிற்க, சேட்டையாகிய மூதேவியின் மடியில் செல்வம் வருமென்று பார்த்திருக்கின்றீரே என்னும் கருத்துப்பட ஆழ்வார் உலகினரை இடித்துரைக்கின்றார். இடமும் காலமும் சமயமும் வேறாயினும், நோய்க்கு இருவரும் கண்ட முதல் ஒன்றே: செல்வம் வரும் வாயிலைப் பிறழவுணர்தல். ஆனால் அதே பாசுரம், பிற தெய்வங்களை எங்கும் நாட்டியவனும் திருமாலே எனக் கூறும். ஓசியாவுக்கு இஃது உடன்பாடாகாது. பாகாலுக்கு அவர் அத்தகைய ஓரிடமும் அளித்திலர். ஒருமை இருவர்க்கும் பொது. அவ்வொருமைக்குப் புறத்தே நிற்பவற்றை இருவரும் மதிக்கும் முறை வேறு.

வேற்றுமை இன்னும் கூர்மையாகப் புலப்படுமிடம் ஏசாயா நூலின் 46ஆம் அதிகாரம். பாபிலோனியரின் தெய்வங்களாகிய பேல், நேபோ என்பவற்றின் உருவங்கள் விலங்குகளின்மேல் சுமையாகச் செல்கின்றன. சுமக்கப்படும் தெய்வம் தெய்வமன்று. மக்களைப் பிறப்பு முதல் நரை வரை சுமப்பவனே தெய்வம் என்பது அவ்வதிகாரத்தின் துணிபு. இதனைத் திருவரங்கத்து வரலாற்றின் அருகே வைத்து நோக்குக. 1323இல் தில்லிப்படை வந்தபோது நம்பெருமாள் திருமேனியைச் சுமந்து சென்றனர். முதியவரான பிள்ளைலோகாசாரியர் உடன் சென்று வழியிலே சோதிட்குடியில் உயிர்நீத்தார். திருமேனி பல ஊர்களில் தங்கி, 1371இல் திருவரங்கம் மீண்டது. ஏசாயா நூல் இழிவெனக் கண்ட சுமக்கப்படுதலை வைணவ ஆசாரியர் சௌலப்பியம் என்றனர். அடியார்க்கு எளியனாதலே அர்ச்சாவதாரத்தின் பெருமை என்றனர்.

இரண்டையும் ஒன்றெனல் ஆகாது. ஆயினும், உருவம் உண்டா இல்லையா என்னும் அளவுகோலால் இவற்றை அளத்தலும் பொருந்தாது. உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார், அரங்கனைக் கண்ட கண்கள் மற்றொன்றைக் காணமாட்டா என்று தம் பதிகத்தை முடித்தார். ஓசியா மக்களிடம் வேண்டிநின்றதும் அத்தகைய பிளவுறா நோக்கையே. கண்ணுக்குப் புலனாகும் மேனியில் அந்நோக்கு நிலைபெறும் என்றார் ஒருவர். புலனாகும் பொருளில் அது சிதையும் என்றார் மற்றவர். ஒப்பாய்வு தொடங்கவேண்டிய இடம் இதுவே என்பது எம் கருத்து.