தாழ்ந்த குரலில் ஒரு காதல்

இருவர் இணைந்து பாடும் காதற்பாட்டு பெரும்பாலும் போட்டியாகவே முடிந்துவிடுகிறது. ஒருவர் குரலை உயர்த்த, மற்றவர் அதனினும் உயர்த்த, காதல் எங்கோ ஒதுங்கி நிற்கும். அமெரிக்கப் பாடகி லாரின் ஹில், 1998இல் வெளியிட்ட தம் முதல் தனி இசைத்தொகுப்பில் டி'ஏஞ்சலோவுடன் பாடியுள்ள ‘நத்திங் ஈவன் மேட்டர்ஸ்’ இதற்கு விலக்கு.

‘நியோ சோல்’ எனப்படும் இசைவகை, 1970களின் கறுப்பின மக்களது சோல் இசையை 1990களில் மீண்டும் நாடிச் சென்றது. இப்பாடலில் விரற்சொடுக்கும் மின்பியானோவின் மெல்லிய அதிர்வுமே முன்நிற்கின்றன. ஏறத்தாழ ஆறு நிமிடங்கள், எங்கும் அவசரமில்லை. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மெல்லத் தாங்கிக்கொள்கிறார். டி'ஏஞ்சலோ, வர்ஜீனியா மாநிலத்துப் பெந்தகோஸ்தே போதகர் ஒருவரின் மகன். போதகர் அழைக்க, சபை மறுமொழி கூறும் அம்மரபின் முழக்கம் இங்கே கிசுகிசுப்பாகத் தாழ்ந்திருக்கிறது. ஆர்ப்பரிக்கத் தெரிந்த குரல் அடங்கி ஒலிப்பதில்தான் இப்பாடலின் கதகதப்பு. (சொற்களைத் தாளில் எழுதிப் பார்த்தால் அவ்வளவாக ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அன்பர் அருகிருக்க, உலகில் வேறெதுவும் பொருட்டல்ல என்பதே பாடலின் கூற்று. இறையியல் பயின்ற செவி இங்கே சற்றுத் தயங்கும். இறைவன் நல்லதெனக் கண்ட படைப்பனைத்தையும் ஒரு முகத்துக்காகத் தள்ளிவிடலாகுமா? தயக்கம் நியாயமானதே. ஆயினும் தொகுப்பில் இப்பாடல் நிற்கும் இடத்தை நோக்க வேண்டும். இதற்கு முன்னரே ‘எக்ஸ்-ஃபேக்டர்’ முதலிய பாடல்களில் முறிந்த காதலின் வலி கொட்டப்பட்டுவிட்டது. இதனை அடுத்து உடனே வருவது, நகர்ப்புற இளையோரின் போராட்டத்தைப் பாடும் ‘எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்’. ஆக, உலகை அறியாதவர் பாடும் பாட்டன்று இது. காயப்பட்டவள் ஆறு நிமிடங்கள் சாய்ந்து அமர்கிறாள். பிறகு எழுந்து தெருவுக்குத் திரும்புகிறாள். பாடலைத் தனியே பிரித்துக் கேட்போர்க்கு இனிமை கிட்டும். அந்த இளைப்பாறுதல் எத்துணை அரிதாகப் பெறப்பட்டது என்பது கிட்டாது.

இத்தொகுப்பு 1999இல் அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதன்பின் லாரின் ஹில் தனியே வேறொரு ஸ்டூடியோ தொகுப்பைத் தரவேயில்லை. மூன்றே ஸ்டூடியோ தொகுப்புகளைத் தந்த டி'ஏஞ்சலோ, 2025 அக்டோபரில் தம் 51ஆம் வயதில் மறைந்தார்.