சிரங்கு என்னும் சொல்: லேமிங் அறிக்கையும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவுகளின் மொழியும்

1. முன்னுரை

குழந்தைகளின் கொலையை ஆராய்ந்த அரசு அறிக்கைகளைச் சட்டத்துறையினரும் சமூகப்பணித் துறையினருமே பெரும்பாலும் படிக்கின்றனர். மொழியியலார் அவற்றைக் கருத்தாடல் சான்றுகளாகக் கொள்வது அரிது. எனினும், யார் எதைக் கண்டார், கண்டதற்கு என்ன பெயரிட்டார், அப்பெயரை அடுத்த அலுவலர் எவ்வாறு பொருள்கொண்டார் என்னும் வினாக்களே இவ்வறிக்கைகளின் உள்ளீடாகும். எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியேயின் மரணம் குறித்து லேமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கையை (2003) இந்நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இத்தகைய வழக்குகளைப் பற்றி எழுதுவோர் 'எச்சரிக்கை அறிகுறிகள் தவறவிடப்பட்டன' என்பர். இவ்வழக்கில் அறிகுறிகளுள் பல காணப்பட்டன. ஆனால் வேறு பெயரால் எழுதப்பட்டன, அல்லது எழுதப்படவே இல்லை. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. வழக்கின் சுருக்கம்

விக்டோரியா ஐவரி கோஸ்ட் நாட்டின் அபோபோவில் 1991இல் பிறந்தவள். தந்தையின் அத்தையான மாரி-தெரேஸ் குவாவோ கல்வி தருவதாகக் கூறி 1998இல் அவளைப் பாரிசுக்கும், 1999 ஏப்ரலில் இலண்டனுக்கும் அழைத்து வந்தார். வேறொரு குழந்தைக்குரிய 'அன்னா' என்னும் பெயரில் அவள் பயணம் செய்தாள். அதனால் இங்கிலாந்தின் அலுவலகங்கள் அனைத்திலும் அவள் அன்னா. குவாவோ அவள் தாய். 1999 ஜூலையில் இருவரும் பேருந்து ஓட்டுநரான கார்ல் மானிங்கின் வீட்டில் குடியேறினர். 2000 பிப்ரவரி 25 அன்று அவள் இறந்தாள். உடற்கூறு ஆய்வில் 128 காயங்கள் கண்டறியப்பட்டன. 2001 ஜனவரியில் குவாவோவும் மானிங்கும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றனர்.

நான்கு சமூகநலத் துறைகள், மூன்று வீட்டுவசதித் துறைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள், இரண்டு மருத்துவமனைகள், தொண்டு நிறுவனம் ஒன்றின் சிறப்பு மையம் ஆகியவை இக்குழந்தையை அறிந்திருந்தன. தலையிட்டிருக்கக்கூடிய 12 வாய்ப்புகளை அறிக்கை எண்ணிக் காட்டுகிறது. ஹேரிங்கே உள்ளாட்சி அவளது கோப்பை மூடிய நாளும் அவள் இறந்த நாளும் ஒன்றே.

3. ஒரு சொல்லின் பயணம்

1999 ஜூலை 14 அன்று, அவளைப் பகலில் பார்த்துக்கொண்ட குடும்பத்தினர் அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். முதலில் சோதித்த மருத்துவர் காயங்கள் தற்செயலானவை அல்ல என ஐயுற்றார். காவல்துறைப் பாதுகாப்பும் பெறப்பட்டது. அதன் பின்னர் மூத்த மருத்துவர் சிரங்கு என நோயை முடிவு செய்தார். மறுநாளே பாதுகாப்பு நீக்கப்பட்டு, குழந்தை குவாவோவுடன் அனுப்பப்பட்டாள்.

இச்சொல் இத்துடன் நிற்கவில்லை. பத்து நாள்களுக்குப் பின், ஜூலை 24 அன்று, தலையிலும் முகத்திலும் வெந்நீர்க் காயங்களுடன் அவள் வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். சிரங்கின் அரிப்புத் தாங்காமல் குழந்தை தானே தலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டாள் என்று குவாவோ விளக்கம் தந்தார். முதல் காயங்களுக்கு மருத்துவர் தந்த பெயர் இரண்டாம் காயத்திற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 4 அன்று வீட்டுக்குச் செல்லவிருந்த சமூகப்பணியாளரும் காவலரும் சிரங்கு தொற்றும் என அஞ்சி அப்பயணத்தைக் கைவிட்டனர். ஆகஸ்ட் 6 அன்று குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பினாள்.

ஒரே சொல் மூன்று செயல்களைச் செய்திருப்பதை இங்குக் காணலாம். ஐயத்தை நீக்கியது, அடுத்த காயத்தை விளக்கியது, வீட்டைப் பார்க்கவிருந்த கண்களைத் தடுத்தது. நோய்ப்பெயர் மருத்துவக் குறிப்பில் ஒரு முடிவு மட்டுமே. நிறுவனம் விட்டு நிறுவனம் செல்லும்போது அம்முடிவுக்குரிய ஐயப்பாடு கழன்று, பெயர் மட்டும் உண்மையாக எஞ்சுகிறது. அறிக்கை இந்நிகழ்ச்சிகளை மிக நுணுக்கமாகத் தருகிறது. ஆயினும் மருத்துவம், சமூகப்பணி, காவல் எனத் துறைவாரியாகப் பகுத்து ஆராய்வதால், ஒரே சொல் துறைகளைக் கடந்து செய்த வேலை படிப்போரின் பார்வையில் சிதறிப்போகிறது. இதனை அறிக்கையின் அமைப்புக் குறை எனலாம்.

இதற்கு இணையான மற்றொன்று சட்டப் பெயர்களின் வேறுபாடு. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு உதவி தேவைப்படும் குழந்தையையும், 47ஆம் பிரிவு தீங்கு பற்றிய விசாரணையையும் குறிக்கின்றன. நடைமுறையில் இவை இரண்டும் அவசரத்தின் அளவுகோல்களாயின. 'தேவையுள்ள குழந்தை' எனக் குறிக்கப்பட்டவளின் கோப்பு காத்திருக்கலாம் என்றாயிற்று. இத்தகைய முத்திரைகள் விசாரணைக்கு முன்னரே விடையைத் தந்துவிடுகின்றன என அறிக்கை கண்டித்திருப்பது அதன் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

4. நடத்தையின் பொருள்கோள்

இரண்டாம் மருத்துவமனையில் செவிலியர் பலர் குழந்தையின் உடலில் இடைவாரின் கொக்கி போன்ற தழும்புகளைக் கண்டனர். குவாவோ வரும்போது குழந்தை அஞ்சி ஒடுங்குவதையும், இருவர்க்கும் இடையே இருந்தது எசமானி பணிப்பெண் உறவு போன்றிருந்ததையும் உணர்ந்தனர். இவற்றுள் பல எழுத்தில் இடம்பெறவில்லை.

பின்னர் சமூகப்பணியாளர், குழந்தை குவாவோவின் முன் விறைத்து நிற்பதை அறிந்தபோது, அக்குடும்பங்களின் பண்பாட்டில் பெரியோர்க்குக் காட்டும் மரியாதையாக அதனைக் கொண்டார். இது மொழிபெயர்ப்புப் பிழையின் தன்மையது. குறி ஒன்று; அதற்குப் பொருள் தந்த அகராதியோ அக்குழந்தையினுடையது அன்று. பிறர் பண்பாட்டை மதிக்கும் நோக்கமே குழந்தையின் அச்சத்தை மறைக்கும் திரையானது. இன அடிப்படையிலான ஊகங்கள் வெளிப்படையான இனவெறியைப் போன்றே கேடு விளைவிக்கும் என்னும் கருத்தை அறிக்கை தயக்கமின்றி முன்வைக்கிறது. அச்சத்தைப் பணிவு என்றும், அடக்குமுறையைக் கண்டிப்பு என்றும் மொழிபெயர்க்கும் பழக்கம் தமிழ்ச் சூழலுக்கும் புதிதன்று. ஆகவே இப்பகுதி தமிழில் கவனத்துடன் படிக்கத்தக்கது.

5. உறவுப்பெயரும் பெயரற்றவரும்

இவ்வழக்கை மொழிபெயர்ப்பவர் முதலில் எதிர்கொள்வது உறவுப்பெயர்ச் சிக்கலாகும். தந்தையின் அத்தை தமிழ் வழக்கில் பாட்டி முறையினர். குவாவோவைப் 'பாட்டி' என எழுதின், சொல்லுக்குரிய அன்புப் பொருள் உடன்வரும். 'அத்தை' என எழுதின் தலைமுறை பிறழும். 'தந்தையின் அத்தை' என விரித்தெழுதுவதே ஏற்றது.

மானிங்கின் நிலை இதனினும் கடினம். அவர் தந்தையும் அல்லர், மாற்றாந்தந்தையும் அல்லர், வளர்ப்பவரின் துணைவர். இத்தகையோர்க்குப் படிவங்களில் உரிய கட்டம் இருப்பதில்லை. 1973இல் பிரைட்டனில் மரியா கோல்வெல் என்னும் சிறுமியைக் கொன்றவர் மாற்றாந்தந்தை. அவருக்கு உறவுப்பெயர் உண்டு. 2007இல் ஹேரிங்கேயிலேயே இறந்த பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கானலியின் வழக்கில், தாய் தம் ஆண் நண்பர் உடன் வாழ்வதை அலுவலரிடம் மறைத்தார். பெயரற்ற உறவை மறைப்பது எளிதாயிற்று. 2020இல் இறந்த ஆர்தர் லபின்ஜோ-ஹியூஸ், ஸ்டார் ஹாப்சன் ஆகிய இருவர் வழக்குகளிலும் கொலைக் குற்றம் உறுதியானவர்கள் பெண்கள்: முறையே தந்தையின் துணைவி, தாயின் துணைவி.

தமிழில் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்பது நிலைபெற்ற மரபுத்தொடர். மாற்றாந்தந்தைக்கு அவ்வாறு ஒரு தொடர் இல்லை. மணமாகாத் துணைவர்க்குச் சொல்லே உறுதிப்படவில்லை. 'காதலர்', 'நண்பர்', 'கள்ளக்காதலர்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இவற்றுள் இறுதிச் சொல் தாயின் ஒழுக்கத்தைப் பேசுகிறது. குழந்தையோடு அவர் ஒரே வீட்டில் வாழ்ந்தார் என்னும் செய்தியைச் சொல்வதில்லை. பாதுகாப்பு நோக்கில் வேண்டிய செய்தி அதுவே. எனவே 'உடன்வாழும் துணைவர்' என்னும் பால்பொதுச் சொல்லைப் பதிவுகளுக்குப் பரிந்துரைக்கலாம்.

6. சான்றுநிலையும் தமிழ் வினையும்

'குழந்தை வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்' என்னும் வாக்கியத்தை மீண்டும் நோக்குக. 'கொள்' என்னும் துணைவினை செயலின் முதலும் பயனும் குழந்தையே எனக் காட்டுகிறது. கூறியவர் இன்னார் என்பது வாக்கியத்தில் இல்லை. பேச்சுத்தமிழில் 'ஊற்றிக்கொண்டாளாம்' என்ற அளவிலேயே கேள்விச் செய்தி என்பது விளங்கிவிடும். அலுவல் நடையோ '-ஆம்' என்னும் இவ்விகுதியைக் கொச்சை எனக் கருதி விலக்குகிறது. நடையை உயர்த்தும் முயற்சியில் சான்றுநிலைக் குறிப்பு இழக்கப்படுகிறது, கேட்டது கண்டதாகிவிடுகிறது. 'ஊற்றிக்கொண்டாள் என்று குவாவோ கூறினார்' எனக் கூற்றுச்சொல்லையும் கூறியவரையும் விடாது எழுதுவதே இதற்கு மாற்று.

இவ்வாறே 'தவறவிடப்பட்டன' என்னும் செயப்பாட்டு வினை வினைமுதலை மறைக்கிறது. 'தவறிப்போயின' என்பது வினைமுதலே இல்லை என்கிறது. 'தவறவிட்டனர்' என்பதில் பலர்பால் விகுதியேனும் எஞ்சுகிறது. லேமிங் அறிக்கையின் சிறப்பு, இன்ன நாளில் இன்னார் இதனைச் செய்தார், இதனைச் செய்யவில்லை எனச் செய்வினையில் பேசுவதாகும். 'அன்னா' என்னும் பொய்ப்பெயரை விலக்கி, குழந்தையை அவளது சொந்தப் பெயரால் குறிப்பதும் இந்நேர்மையின்பாற்பட்டதே. மொழிபெயர்ப்பு இத்தன்மையைக் காத்தல் வேண்டும்.

ஸ்டார் ஹாப்சனின் வழக்கில் உறவினர் பலமுறை தெரிவித்த கவலைகள் உள்நோக்கம் உடையவை என ஒதுக்கப்பட்டதை 2022 மே மாதம் வெளிவந்த தேசிய ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. உள்நோக்கம் என்பது சொல்பவரின் மனநிலை. உண்மை, பொய் என்பன சொல்லப்பட்டதன் இயல்பு. பகைமையால் சொல்லப்படும் கூற்றும் உண்மையாக இருக்கலாம். இச்சொல்லைத் தமிழில் 'பொய்ப்புகார்' எனப் பெயர்ப்பது இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

7. பரிந்துரை 18

அறிக்கையின் 108 பரிந்துரைகளுள் 18ஆவது மொழிபெயர்ப்பாளர்க்கு நேரடியாக உரியது. குழந்தையின் நலன் காக்க அதனோடு பேச வேண்டியிருந்து, அதன் முதன்மொழி ஆங்கிலமாக இல்லாதவிடத்து, வாய்மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தல் வேண்டும். பயன்படுத்தாவிடின் அதற்குரிய காரணத்தைக் கோப்பில் எழுதல் வேண்டும் என்பது அதன் சாரம். விக்டோரியா பிரெஞ்சு பேசியவள். மருத்துவமனையில் ஏறத்தாழ இரு வாரங்கள் இருந்தும், தகுந்த மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அவளிடம் முறையான விசாரணை நடைபெறவில்லை. ஹேரிங்கேயின் சமூகப்பணியாளர் அவளை நான்கு முறை மட்டுமே பார்த்தார். அவற்றில் அவளோடு கழித்த நேரம் மொத்தம் அரை மணிக்கும் குறைவு.

இந்தியச் சட்டத்தோடு இதனை ஒப்பிடலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தை தரும் செய்தியை அதற்குப் புரியும் எளிய மொழியில் எழுதவும், பதிவின் மொழி குழந்தைக்குப் புரியாதபோது மொழிபெயர்ப்பாளரைத் தரவும் பணிக்கிறது. இந்தியச் சட்டத்தில் மையம் எழுதப்பட்ட பதிவு. லேமிங்கின் பரிந்துரையில் மையம் குழந்தையோடு பேசுதல். இந்தியச் சட்டம் பேச முன்வந்த குழந்தையைக் கருதுகிறது. பேசாத குழந்தையைத் தேடிச் செல்லும் கடமையைப் பரிந்துரை 18 கருதுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

எனினும் பரிந்துரையில் ஒரு குறை உண்டு. மொழி வேறுபாட்டை அது நடைமுறை விதியாக மட்டும் காண்கிறது. 1999 அக்டோபரில் வீட்டுக்குச் சென்ற சமூகப்பணியாளரிடம், குழந்தை திடீரென எழுந்து, தங்களுக்கு ஏன் வீடு தரவில்லை, தன் தாயை ஏன் மதிக்கவில்லை என்று கூச்சலிட்டாள். அப்பேச்சில் குவாவோவின் பேச்சுச் சாயல் இருந்தது. வாய் குழந்தையுடையது, கூற்று பிறருடையது. இத்தகைய பேச்சை எந்த மொழிக்குப் பெயர்த்தாலும் குழந்தையின் கருத்து கிட்டாது. வளர்ப்பவரும் அவர் துணைவரும் இல்லாத இடத்தில் கேட்டால்தான் கிட்டும். மொழிபெயர்ப்பாளரைத் தருவதோடு இதனையும் விதித்திருப்பின் பரிந்துரை முழுமை பெற்றிருக்கும்.

8. முடிவுரை

லேமிங் அறிக்கையை அடுத்து 2004இல் குழந்தைகள் சட்டம் வந்தது. மூன்றாண்டுகளில் அதே ஹேரிங்கேயில் பீட்டர் கானலி இறந்தான். 2009இல் லேமிங் மீண்டும் ஓர் அறிக்கை அளித்தார். சட்டமும் படிவமும் மாறுவது கொண்டு பெயரிடும் பழக்கம் மாறிவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

குழந்தைப் பாதுகாப்புக்கான பயிற்சிநூல்களும் படிவங்களும் இந்திய மொழிகளில் பெயர்க்கப்படுங்கால் மூன்று கூறுகள் பேணத்தக்கன: கண்டதும் கேட்டதும் வேறுபடுமாறு வினையை அமைத்தல், வீட்டில் வாழ்வோர் அனைவர்க்கும் உறவுப்பெயரோ துணைப்பெயரோ தருதல், முடிவுப் பெயரை எழுதும் முன் கண்ட தழும்பை, அதன் இடத்தையும் அளவையும், கண்டவாறே எழுதுதல். செவிலியர் கண்ட கொக்கித் தழும்பு அவ்வாறு எழுதப்பட்டிருப்பின், சிரங்கு என்னும் சொல்லுக்கு எதிராக நிற்க ஒரு வாக்கியமேனும் அக்கோப்பில் இருந்திருக்கும்.