ஒரகடம் ஒரு செவிலியருக்கு முதல் வேலை தருமா?

நர்சிங் முடித்துப் பதிவும் செய்துவிட்ட பெண்ணுக்கு இப்போது பலரும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் கைகாட்டுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர். இத்தனை ஆலைகள் இருக்கையில் நர்ஸ் வேலை இல்லாமலா போகும் என்பது அவர்கள் கணக்கு. அது பாதிதான் சரி.

வேலை இருப்பது உண்மை. 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. 2020-இல் இயற்றிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பும் அதே எண்ணிக்கையைத்தான் வைத்திருக்கிறது. மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அந்த அறைக்கும் மூன்று ஷிப்டுக்கு நர்ஸ் வேண்டும்.

ஆனால் அது முதல் வேலைக்கு உகந்ததா? கண்ணில் தெறித்த இரும்புத் துகள், பிரஸ்ஸில் நசுங்கிய விரல், நைட் ஷிப்டில் மயங்கி விழுந்த பெண். யாருக்குக் கட்டுப் போட்டால் போதும், யாரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்று நள்ளிரவில் தீர்மானிக்கும் பொறுப்பு, அங்கே தனியாக இருக்கும் நர்ஸின் தலையில் விழுகிறது. வார்டில் என்றால் கேட்பதற்கு ஒரு சீனியர் சிஸ்டர் இருப்பார். மற்ற நாட்களிலோ பி.பி. பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும்தான். கல்லூரியில் கற்ற கை மெல்ல மறக்கும். வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது மருத்துவமனை அனுபவத்தை.

அப்படியும் அவள் ஆலைக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்திய தேர்வில் தேறித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. அரசு வேலைக்காகக் காத்திரு என்று யாரிடமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

என் தீர்ப்பு இது: ஒரகடம் இரண்டாவது வேலைக்கான இடம். முதல் இரண்டாண்டு, படுக்கைகள் நிறைந்த போதனா மருத்துவமனையில் கழியட்டும். அதற்காக வெகுதூரம் போகவும் வேண்டாம். பக்கத்திலேயே தண்டலத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் சவீதா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை காலியிடம் என்பதற்கு முன்னால், இரவுப் பணியில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை மாற்ற வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் நெடுஞ்சாலையை மறித்தது விடுதிச் சாப்பாடு நஞ்சானதால். நோய் பிடித்தது ஆலைக்குள் அல்ல, படுக்கும் இடத்தில். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024-இல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ரத்தசோகை, மாதவிடாய் வலி, தூக்கமின்மை, வீட்டை விட்டு வந்த மனச்சோர்வு: இருபது வயதுப் பெண்களுக்கு நர்ஸ் தேவைப்படுவது அங்கேதான். ஷிப்டுக்கு ஒரு மூத்த செவிலியரும் அவரிடம் கற்கும் இரண்டு புதியவர்களும் என விடுதிகளில் அமர்த்தினால், நல்ல முதல் வேலைகள் இந்தத் தடத்திலேயே உருவாகும். சட்டம் ஆம்புலன்ஸ் அறைக்காக எண்ணும் 500 பேர், வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்கள் மட்டுமே. விடுதியின் படுக்கைகளையும் எண்ணச் சொல்லி அரசாணை பிறப்பிப்பதுதான் தமிழக அரசு இங்கே செய்ய வேண்டிய அடுத்த வேலை.