ஒரே காற்றில் அடைபடும் இரு மலைகள்

மலையேறுவதை வெறும் தேகப் பயிற்சியென்றோ விடுமுறைக் கேளிக்கையென்றோ எண்ணாமல், தெய்வ தரிசனத்தின் பெயரால் காட்டையும் குளிரையும் சூரியோதயத்தையும் ஒருங்கே அனுபவித்துத் திரும்பும் வழக்கம் இலங்கையிலும் தமிழகத்திலும் தொன்றுதொட்டு நிலவுகிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் 7,359 அடி உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் மாதப் பௌர்ணமியன்று தொடங்கும் யாத்திரை மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டியிலிருந்து ஏறும் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளிலும் வனத்துறையார் பிப்ரவரி முதல் மே வரையிலேயே ஜனங்களை அனுமதிக்கின்றனர். வழிபாடுகள் வேறாயினும், இரண்டிடத்தும் கதவை அடைப்பது அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான்.

இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைவது சிவனொளிபாதத்தின் மரபு. வெயிலுக்கு அஞ்சி வெள்ளியங்கிரியிலும் பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் சிவனொளிபாதத்தின் அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து ஏறுபவனுக்கு உச்சி வரை படிக்கட்டும், யாத்திரைக் காலம் முழுதும் எரியும் மின்விளக்கும், இடையிடையே தேநீர்க் கடையும் உண்டாதலால், கைக்குழந்தையை ஏந்திய தாயும் பேரன் தோளைப் பற்றிய பாட்டியும் அங்கே சகஜமான காட்சி. புத்தர் பாதமென்று பௌத்தரும், சிவன் பாதமென்று சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களின் தமிழரும், ஆதம் பாதமென்று இஸ்லாமியரும் ஒரே படியில் மூச்சு வாங்குகின்றனர். ஒருவர் எத்தனையாவது முறை ஏறினாரோ அத்தனை முறை உச்சியில் மணியடிப்பது அங்குள்ள வழக்கம். கிழக்கே கதிரவன் எழுந்த சில நிமிஷங்களில், மேற்குப் புறத்து மூடுபனியின்மேல் மலையின் நிழல் கூரிய முக்கோணமாக விழுந்து, கதிர் ஏற ஏறக் குறுகிவரும் விந்தைக்காகவே எத்தனை பிரயாசையும் தகும் என்பேன்.

வெள்ளியங்கிரியோ இத்தகைய சௌகரியங்களை அதிகம் அறியாது. முதல் மலையின் செங்குத்தான கற்படிகளைத் தாண்டியபின், கரடுமுரடான பாறையும் வேரும் மண்ணுமே பாதை. அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியே துணை. வழுக்குப் பாறையில் கால் நடுங்கியவன் கைதட்டிச் சுனையின் நீரைப் பருகித் தேறி, ஏழாம் மலைக் குகையில் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கையில் மரங்களெல்லாம் கீழே நின்றுவிட, சுற்றிலும் புல்வெளியும் காற்றுமே மிஞ்சுகின்றன. பருவம் எய்திய பெண்கள் ஏறலாகாதென்ற நெடுநாள் வழக்கத்தால் அக்கூட்டம் பெரும்பாலும் ஆடவர் கூட்டமாகவே இருந்துவந்தது. இவ்விஷயத்தில் இலங்கையின் தாராளமே எனக்கு உவப்பு.

படிகள் ஏறுவோருக்கு உபகாரமெனினும் இறங்குவோரின் முழங்காலுக்குப் பகையே. மண்பாதை அத்தனை இரக்கமற்றதன்று. விளக்கும் கடையும் பெருகிய இடத்தில் குப்பையும் பெருகுவது இயல்பாகையால், பூண்டியில் வனக்காவலர் மூட்டைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் கண்டிப்பு நல்லதண்ணிக்கும் அவசியம். மூச்சுத் திணறி மலையிலேயே உயிரிழப்போர் செய்தி கோடைதோறும் கேட்கப்படும் வெள்ளியங்கிரிக்கோ, களைத்தவன் சற்றே கால்நீட்டிக் கிடக்க இலங்கையில் உள்ள அம்பலம் போன்ற தங்குமடங்கள் இரண்டொன்றேனும் வேண்டும்.