மூலையில் கிடக்கும் சிறு சதுரம்

கல்லூரிக் கணிதத்தை எளிமையாகச் சொல்லித்தர முடியுமா என்று பேச்சு வந்தால், யாராவது ஒருவர் சில்வானஸ் தாம்ப்சனின் ‘கால்குலஸ் மேட் ஈஸி’யைச் சொல்லிவிடுவார். 1910இல் ஆசிரியர் பெயர் போடாமல் வந்த புத்தகம். தாம்ப்சன் லண்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர், இயற்பியல்காரர். பயமுறுத்தும் குறிகளை முதலிலேயே பேச்சுமொழிக்கு இறக்கிவிடுகிறார்: டிஎக்ஸ் என்றால் எக்ஸில் ஒரு துளி, அந்த நீண்ட எஸ், துளிகளைக் கூட்டு என்கிற கட்டளை. அவ்வளவுதான்.

இரண்டாவதைத் தமிழ் பெயரிலேயே சொல்லிவிட்டது. ‘தொகை’ நுண்கணிதம் என்கிறோம். தொகை என்றால் கூட்டி வந்தது. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அது வகையிடலைத் திருப்பிப் போடும் சூத்திரப் பட்டியலாகத்தான் வந்து சேர்கிறது.

தாம்ப்சன் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். அதை 0.1 நீட்டினால் பரப்பு 100இலிருந்து 102.01 ஆகும். இரண்டு ஓரப் பட்டைகள் சேர்ந்து 2. மூலையில் குட்டிச் சதுரம் 0.01. அந்த மூலை அற்பம், விட்டுவிடலாம் என்கிறார். படித்தவனுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

என் குறை இங்கேதான். ‘ஏன் சார் விடலாம்?’ என்று ஒரு மாணவி கேட்டால்? 1734இலேயே பிஷப் பெர்க்லி கேட்ட கேள்வி அது: வகுக்கும்போது பூஜ்யமில்லை, பிறகு தூக்கிப்போடும்போது மட்டும் பூஜ்யமா? தாம்ப்சன் அவளைத் தேற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கணிதக்காரர்கள் திட்டுவார்கள் என்று கடைசியில் அவரே கிண்டலும் செய்கிறார். நுண்ணளவுகளுக்கு ஆபிரகாம் ராபின்சன் 1960களில் முறையான அடித்தளம் போட்டார். ஆக, தாம்ப்சனின் உள்ளுணர்வு மோசமில்லை. கேள்வியை மறைத்ததுதான் குறை.

நம் கல்லூரிகள் செய்வது இதற்கு நேர் எதிர். யாருக்கும் கேள்வியே எழாத நிலையில் எப்சிலான்-டெல்டாவைப் பலகையில் எழுதிவிடுகிறோம். அது பெர்க்லிக்கான பதில் என்று சொல்வதில்லை. அதே சதுரத்தை வைத்தே சொல்லலாமே: 0.1க்கு மாறுவீதம் 20.1, 0.01க்கு 20.01, நீ எவ்வளவு சிறிய பிழையைக் கேட்டாலும், அதற்குள் அடங்கும்படி துளியைச் சுருக்கிக் காட்டுகிறேன்.

முதலில் சதுரம், பிறகு பெர்க்லி, அதற்குப் பிறகு எப்சிலான். இரண்டு வகுப்பு கூடுதலாகும். ஆகட்டுமே.